ரப்பரால் அடைத்த பால் டின்

டின்னில் துளை போடுவது பார்ப்பதற்குத்தான் சுலபம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆணியை நேராகப் பிடித்துச் சுத்தியலால் ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். ஆணி சாய்ந்தால் தகரம் கிழிந்து பால் சட்டையில் தெறிக்கும். பயந்து பயந்து தட்டினால் பள்ளம் விழுமே தவிரத் துளை விழாது. பால் டின்னோ மத்தி டின்னோ, விற்கும்போதே துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டது. துளை விழுந்த டின் காட்டுக்குள் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும், உள்ளே ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரன் பட்டினி கிடந்து வெளியே வருவான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நல்ல கணக்குதான். கோலசிலாங்கூர் கடைத்தெருவில் முணுமுணுக்காமல் அதைச் செய்தவன் நான் ஒருவன்தான்.

உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அந்த டின்னில் உள்ள துளையும் நான் போட்டதுதான். கோலாலம்பூருக்கு அனுப்பிச் சோதித்ததில் லாலாங் புல்லுக்கு அடிக்கும் மருந்து இருந்தது என்றீர்கள். சரியாகத்தான் சோதித்திருக்கிறார்கள். வீரன் என்கிற ஆள் என் கடையில் செத்ததைப் பற்றி விசாரிக்கத்தான் நீங்கள் என்னை அழைத்தீர்கள், தெரியும். ஆனால் டின்னிலிருந்து ஆரம்பித்தால்தான் வீரன் உங்களுக்குப் புரிவான்.

நீங்கள் ஊருக்குப் புதிது. ஆற்றுமுகத்தில் ஒரு குன்று, அதன்மேல் கலங்கரை விளக்கம், கீழே இரண்டு வரிசைக் கடை. கடைகளுக்குப் பின்னால் உத்தியோகஸ்தர்கள் தெரு. தபால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, நிலவரி ஆபீஸ் கிராணி, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர், தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் உடையப்பன், எல்லாரும் அந்தத் தெருதான். ஒரு வீட்டு ஜன்னலில் பூப்போட்ட திரை தொங்கினால் அடுத்த வாரம் நான்கு வீட்டுப் பெண்கள் அதே துணியைக் கேட்டு வருவார்கள். வெண்ணெய் டின் ஒன்று வாங்கினால் காலி டின்னை ஒரு வருஷம் அலமாரியில் வைத்திருப்பார்கள். உடையப்பன் வீட்டில் சுத்த சைவம். ஆனால் மாதம் இரண்டு மத்தி டின் பேப்பரில் சுற்றிப் போகும். பூனைக்கு என்பார்கள். அந்த வீட்டில் பூனை கிடையாது.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரை நான் நேசித்தேன். நாகூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவனை இவர்கள்தான் முதலாளி என்று கூப்பிட்டார்கள். இங்கே யாரும் குரலை உயர்த்திப் பேச மாட்டார்கள். பெருநாளுக்கு என் வீட்டிலிருந்து தட்டுப் போகும், தீபாவளிக்கு அங்கிருந்து தட்டு வரும். எஸ்டேட் ஆட்கள் கடைக்கு வந்தால் இவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள், அவ்வளவுதான். ரப்பர் பால் வாடை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது.

அப்படிப்பட்ட ஊரைத்தான் இந்த அவசரகாலம் பிடித்து ஆட்டியது. ஈஜோக் சாலையில் காட்டுக்காரர்கள் பஸ்ஸை மறித்து எரித்தார்கள். நிலவரி கிராணியின் தம்பி உள்ளே இருந்தான். கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அவனை அடையாளம் சொன்னார்கள். அசாம் ஜாவா பக்கம் எஸ்டேட் ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோரை ரப்பர் மரத்தில் கட்டி, பால் வெட்டும் கத்தியாலேயே வயிற்றைக் கீறிவிட்டுப் போனார்கள். பதிலுக்கு உங்கள் ஆட்கள் காட்டில் சுட்டுக் கொண்டுவந்த உடல்களை ஸ்டேஷன் வாசலில் வரிசையாகக் கிடத்தினார்கள். ஊரே போய்ப் பார்த்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். திரும்பும் வழியில் என் கடையில் ஏறிச் சாமான் வாங்குவார்கள். அந்த நாட்களில் வியாபாரம் நன்றாகவே இருக்கும்.

என் மகள் ஹமீதாவுக்குக் கிள்ளானில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். நல்ல இடம். ஊரடங்குதான் குறுக்கே நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் என் கடையிலேயே உட்கார்ந்து சொன்னார்.

"கருப்புப் பகுதியில நிக்காஹ் வைக்க ஏலாது பாய். வெளக்கு வச்சதும் மாப்புள்ள ஊர்வலம் வீட்டுக்குள்ள பூந்துக்கணுமா? ஒரு சோத்துப் பொட்டலத்தக்கூட வெளிய கொண்டு போவ ஏலல. ஊரு வெள்ளையாவட்டும், பொறகு தேதி பாப்போம்."

வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டால் ஊரடங்கு போய்விடும், அரிசிக் கட்டுப்பாடு போய்விடும், டின்னில் துளை போடுவதும் போய்விடும். வேறு சில ஊர்களுக்கு அது கிடைத்திருந்தது. எங்கள் ஊர் இந்தியர் சங்கத்தில் வெள்ளைக்கார அதிகாரி வந்து பேசினார். இந்த ஊரிலிருந்து காட்டுக்கு ஒரு பிடி சாப்பாடுகூடப் போகவில்லை என்று வருஷக் கடைசிவரை காட்டினால் எழுதிப் போடுகிறேன் என்றார். உடையப்பன் எழுந்து நின்று, எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் யாரும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். ஹமீதாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

தாயம்மா அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வந்தாள். ஈஜோக் பக்கத்து எஸ்டேட்டில் பால் வெட்டியவள். அவளுடைய புருஷன்தான் இந்த வீரன். தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டவன். ஒருநாள் விடியற்காலையில் அவனைக் காணவில்லை. போலீஸ் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்திருக்கிறது என்று தாயம்மா சொன்னாள். ஊர் அவன் காட்டுக்குப் போய்விட்டான் என்றது. முகாம் என்றால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை, காடு என்றால் பேச்சு வளரும். உடையப்பன் வீட்டுப் பின்கொட்டகையில் தங்கி அவள் சமைத்து, துணி துவைத்துக் கொடுத்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அதற்குக் கலாவதி என்று உடையப்பன் மகளின் பெயரையே வைத்திருந்தாள். வேலைக்காரி பிள்ளைக்கு என் மகள் பெயரா என்று உடையப்பன் மனைவி டீச்சரம்மா ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை என்று டின் பால் வாங்குவாள். ஒரு நாள் சாமானை அடுக்குவதற்காகக் கூடையில் இருந்த பழைய டின்னை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். நான் போட்ட துளையைப் பார்த்தேன். ரப்பர் பாலை ஊற்றி உறையவிட்டு, விரலால் அழுத்தி, ஒரு சொட்டுக் கசியாதபடி அடைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு கிழட்டு ரப்பர் மரங்கள் நிற்கின்றன, அங்கே எடுத்திருப்பாள். சட்டம் போட்டுத் துளை போடச் சொல்கிறார்கள், இவள் அதை அடைக்கிறாள். உத்தியோகஸ்தர் தெருவில் எந்த வீட்டிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எதற்கு அடைப்பார்கள்? தூரமாகக் கொண்டுபோகத்தான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எஸ்டேட் ஆட்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல் சாமான் விற்கிறேன், ஆனால் அவர்கள் குடியிருக்கும் ஒரு லயத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை.

அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நான் அதை யோசிக்காமல் இல்லை. சொன்னால் நீங்கள் அவளைப் பிடிப்பீர்கள். பிடித்தால் கோலசிலாங்கூரிலிருந்து காட்டுக்குச் சாப்பாடு போகிறது என்று மேலே எழுதுவீர்கள். ஊர் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கருப்பாகக் கிடக்கும். ஒருத்தி செய்த காரியத்துக்கு ஒரு ஊரே ஏன் அனுபவிக்க வேண்டும்? போகிற டின் போகட்டும், அதைக் குடிக்கிறவன் மறுபடி கேட்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். கொல்லையில் மண்டிய லாலாங்குக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருந்தது. உள் அறையில் வைத்து டின்னில் துளை போட்டு, அதன் வழியாகக் கொஞ்சம் விட்டேன். அவள் வெளியே மிளகாயைக் கூடையில் கொட்டிக்கொண்டு நின்றாள். காட்டில் அதை யார் குடித்தாலும் அவன் பஸ்ஸை எரித்தவனாகத்தான் இருப்பான் என்ற தெளிவு இருந்தது.

செத்தது குழந்தை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றார்கள். மழைக்காலத்தில் அப்படிப் போகிற குழந்தைகள் உண்டு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சரம்மா தன் மகளின் பழைய கவுன் ஒன்றைக் கொடுத்து அதைப் போட்டுப் புதைக்கச் சொன்னாள். அதுவும் நல்ல மனசுதான்.

சில நாள் கழித்து, மத்தியானம் ஊர் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில், தாயம்மா என் கடைக்கு வந்தாள். கையில் அந்த டின். அடைப்பு அப்படியே இருந்தது. தலை வாரவில்லை. கோபம் இல்லை, அழவும் இல்லை.

"மொதலாளி, இந்தப் பாலு கெட்டுப் போனது போல. மிச்சத்துல கொஞ்சம் தவுட்டுல கலந்து வச்சேன், வாத்தியாரு வூட்டுக் கோழி மூணும் சுருண்டுருச்சு. பால் கம்பெனிக்காரனுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. இந்தப் பொட்டியில வந்த மத்த டின்ன விக்காதீங்க. வேற புள்ளைங்க குடிச்சிரப் போவுது."

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. சந்தேகப்பட்டிருந்தால் பேசிச் சமாளித்திருக்கலாம். இவளோ தெருவில் வீடு வீடாகப் போய் எல்லாருடைய பிள்ளைகளையும் காப்பாற்றப் புறப்பட்டவளாக நின்றாள். அடுத்த வீட்டில் சொல்வாள், அங்கிருந்து டிரெஸருக்குப் போகும், டிரெஸர் டின்னை முகர்ந்து பார்ப்பார்.

உள்ளே இருக்கிற மற்ற டின்களைப் பார்க்கலாம் வா என்றேன். வந்தாள். டின்னை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டுக் குனிந்தாள். தராசின் பெரிய எடைக்கல்லால் பின்மண்டையில் அடித்தேன். விழவில்லை. திரும்பி, "மொதலாளி?" என்றாள், ஏதோ கை தவறிப் பட்டுவிட்டது என்பது மாதிரி. இரண்டாவது அடி நெற்றியில் விழுந்தது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அவள் கை மூட்டையின் சாக்கைப் பிராண்டிக்கொண்டிருந்தது. எஸ்டேட் வேலை செய்த உடம்பு கெட்டியாகத்தான் இருக்கும். இன்னும் சில தடவை அடிக்க வேண்டியிருந்தது. சாக்கில் ரத்தம் ஊறி ஒரு மூட்டை அரிசி வீணாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. இதை மறைக்கத் தேவையே இல்லை. கடையிலிருந்த தேங்காய்க் கத்தியை அவள் கையருகே வைத்தேன், துளை போடாத டின்கள் ஆறேழை அவள் கூடையில் போட்டேன், முகம் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். காட்டுக்காரன் பெண்டாட்டி டின் திருட வந்தாள், கையும் களவுமாகப் பிடித்தேன், கத்தியை எடுத்தாள் என்றேன். ரப்பரால் அடைத்த டின்னைக் காட்டினேன். உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரிலிருந்து சாப்பாடு போவதை ஊர்க்காரனே தடுத்துவிட்டான் என்றுதான் மேலே எழுதினார். நான் பயந்ததற்கு நேர்மாறாக அது ஊருக்கு நல்லதாகவே முடிந்தது.

அவளையும் ஸ்டேஷன் வாசலில் கிடத்தினார்கள். ஊர் போய்ப் பார்த்தது. டீச்சரம்மாவும் போனாள். தன் வீட்டில் சமைத்தவள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கடையில் ஏறி, "நம்ம தெருவுக்கே பெரிய ஆபத்து பாய், நீங்கதான் தடுத்தீங்க," என்றாள். அரைக் கட்டி எடை சீனி வாங்கிக்கொண்டு போனாள்.

வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் ஊர் வெள்ளையானது. சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். ஹமீதாவின் நிக்காஹ் நடந்தது. பக்கத்துச் செகிஞ்சான் வயல் அரிசி மூட்டை மூட்டையாக இறங்கியது, ஆட்டிறைச்சி பிரியாணி ஆக்கிய வாசம் ஆற்றின் அக்கரைவரை போனதாகச் சொன்னார்கள். விளக்கு வைத்த பிறகு மாப்பிள்ளை ஊர்வலம் கடைத்தெருவைச் சுற்றி வந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த ஊர் இருட்டிய பின் வெளியே நின்று சிரித்தது. நான் அழுதேன் ஐயா. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் எனக்கு இருந்ததில்லை, பின்னும் இல்லை.

போன மாதம் வீரன் வந்தான். உண்மையிலேயே முகாமில்தான் இருந்திருக்கிறான். விட்டுவிட்டார்கள். எஸ்டேட்டுக்குப் போய், அங்கிருந்து உடையப்பன் வீட்டுக்குப் போய், கடைசியில் என் கடைக்கு வந்தான். காலை நேரம். உடையப்பன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீரன் நிற்கவே மனமில்லாதவன் மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"தாயம்மா காட்டுக்குச் சாப்பாடு குடுத்தான்னு சொல்றாங்க மொதலாளி. யாருக்குக் குடுத்தா? நான் முகாம்லல்ல இருந்தேன்."

நான் பொறுமையாகவே சொன்னேன். டின்னின் துளையை ரப்பரால் அடைத்திருந்தாள், அதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"எறும்புக்கு மொதலாளி. லயத்துல எல்லாரும் அப்படித்தான் அடப்போம். எண்ண போத்தலு, சீனி டின்னு, எல்லாம். வேணுமின்னா எந்த எஸ்டேட்லயாச்சும் போய்ப் பாருங்க."

உடையப்பன் பேப்பரைத் தாழ்த்தினார். வீரன் இன்னும் பேசினான். குரல் உயரவில்லை.

"கோழி மூணு செத்துச்சாம், வாத்தியாரு வூட்டுல சொன்னாங்க. புள்ளையும் வயித்தாலதான் போயிருக்கு. அந்த டின்னு ஸ்டேசன்ல இருக்குமில்ல? உள்ள பாலு மிச்சம் இருக்கும். சோதிக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

அவன் எழுந்தான். வெங்காய மூட்டை அறுக்கும் கத்தி என் கையில் இருந்தது. விலா எலும்புக்குக் கீழே குத்தினேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான், தள்ளவில்லை, விழாமல் இருக்கப் பிடித்தான். கத்தியை உருவி இன்னொரு தடவை குத்தினேன். பிறகு கழுத்தில். உடையப்பனின் வெள்ளைக் காற்சட்டையில் ரத்தம் தெறித்தது. அவர் அதைத் துடைக்கப் பார்த்தார், அது பரவியது. வீரன் வாசற்படியில் தலை தொங்க விழுந்து கிடந்தான். வெளியே சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள்.

"கத்தியோட பாஞ்சான், நான் பாத்தேன்," என்று உடையப்பன் அவர்களிடம் சொன்னார். நான் அவரிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. உங்களிடமும் அவர் அதையே சொல்லியிருக்கிறார். அது பொய். வீரன் கையில் ஒன்றும் இல்லை. ஊருக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். டின்னைப் பற்றி வீரன் பேசியதை அவர் உங்களிடம் மறைத்தார், ஆனால் வீட்டில் டீச்சரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அது போதும். இரண்டே நாளில் உங்கள் காதுக்கு வந்துவிட்டது.

இப்போது எல்லாருமாகச் சேர்ந்து எனக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வக்கீல் வந்து பேசினார். தாயம்மாவும் வீரனும் சண்டைக்கு வந்தார்கள், டின் விஷயம் ஒரு தவறு, காட்டுக்குப் போகிறது என்று நம்பி நாட்டுக்காகச் செய்தது, குழந்தை குடிக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொல்கிறார். சங்கத்தில் எல்லாரும் அதற்குக் கையெழுத்துப் போடத் தயாராம். நல்ல மனிதர்கள். எறும்புக்கு அடைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனது உண்மைதான். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் நான் கொடுத்தது ஒரு டின் இல்லை. உங்கள் மேசையில் இருப்பது இரண்டாவது டின். முதல் டின்னை வாங்கிப்போன இரண்டாம் நாள் தாயம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. பால் குடித்ததிலிருந்து நிற்காமல் போகிறது, வாந்தி எடுக்கிறது, ஓமத்திரவம் இருந்தால் கொடுங்கள் என்றாள். பால் யாருக்குப் போகிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹமீதாவின் நிக்காஹ் என் நினைவில் இருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டால் இவள் யாரிடமாவது பாலைப் பற்றிப் பேசுவாள் என்பதும் நினைவில் இருந்தது. டின் தீரப்போகிறது, இன்னொன்று வேண்டும் என்றாள். உள் அறைக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். அதில் முதல் டின்னைவிட அதிகமாகவே விட்டிருந்தேன்.

ஓமத்திரவத்துக்கு நான் காசு வாங்கவில்லை ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.